கோப்பை கழுவிய கதையும் பிஜாமாக்காரரின் கடிதமும்

எங்கள் பிரமுகர்கள் மேடையில் அழக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை பொங்கல் விழாவுக்கோ தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கோ வருகிற பிரதம விருந்தினர் திருக்குறளில் ஏறிச் சிலப்பதிகாரத்தில் இறங்கி, மொழியைக் காப்பாற்றச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு, பொன்னாடையோடு போய்விடுவார். இப்போது வருகிறவர் ஒலிவாங்கியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வருகிறார். குரலைத் தாழ்த்துகிறார். "நானும் கோப்பை கழுவினவன்தான்" என்கிறார்.

பிறகு தொடங்கும். ஏஜென்சிக்காரன் ஏமாற்றியது, பனிக்குள் எல்லை கடந்தது, ஓர் அறையில் பதினொரு பேர் முறைவைத்துப் படுத்தது, அம்மா செத்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனது. கொஞ்சம் கண்ணீர். அதன்பின் கடை போட்டது, வீடு வாங்கியது, மகள் டொக்டர் ஆனது. சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. அடுத்த மாதம் அவர் சங்கத்தின் தலைவர். அல்லது நகரசபைத் தேர்தலில் எங்கள் வேட்பாளர்.

அந்தக் கதைகள் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அனேகமாக எல்லாம் நடந்தவைதான். கோப்பை கழுவாதவர் எங்களில் யார்? என் சண்டை அந்தக் கதையோடு அல்ல. அதைக் கேட்ட மாத்திரத்தில் "என்ன வெளிப்படையான மனுசன்" என்று முடிவுகட்டிச் சங்கத்தின் திறப்பையும் கணக்குப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறோமே, அதோடுதான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால் இதற்குப் பாடமே இருக்கிறது என்கிறார்கள். அலுவலகப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்களாம்: தலைவர் தன்னுடைய பலவீனத்தை ஒளிக்காமல் சொன்னால் கீழே இருப்பவர்கள் அவரை நம்புவார்கள் என்று. நல்லது. எதைச் சொன்னால்? எப்போது சொன்னால்? யாரைப் பார்த்துச் சொன்னால்?

நான் வாழும் பலெர்மோவில் இந்தக் கேள்விகளுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலின் பெயர் லீபெரோ கிராசி.

கிராசி 1924 ஆம் ஆண்டு கத்தானியாவில் பிறந்தவர். அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் முசோலினியின் ஆட்கள் சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்கொமோ மத்தெயோத்தியைக் கடத்திக் கொன்றிருந்தார்கள். அந்த மனிதரின் நினைவாகப் பெற்றோர் பிள்ளைக்குச் 'சுதந்திரமானவன்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். சின்ன வயதிலேயே குடும்பம் பலெர்மோவுக்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் நடத்திய கொம்பனியின் பெயர் சிக்மா. ஆண்களுக்கான பிஜாமாவும் உள்ளாடையும் தைத்து விற்றார்கள். சுமார் 100 பேர் வேலை செய்தார்கள். அவர் அரசியல்வாதி அல்ல, நீதிபதி அல்ல, பத்திரிகையாளர் அல்ல. பிஜாமா தைப்பிக்கிற ஒரு முதலாளி.

கப்பம் கேட்டு அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. இங்கே கப்பத்துக்குப் 'பிட்சோ' என்று பெயர். சிசிலி மொழியில் அது பறவையின் அலகைக் குறிக்கும் சொல் என்பார்கள். கிண்ணத்தில் பறவை அலகை நனைத்துக்கொள்வதுபோல உன் வருமானத்தில் நானும் கொஞ்சம் நனைத்துக்கொள்கிறேன் என்பது அர்த்தம். முதலில் கேட்கும்போது கப்பம் என்று யாரும் சொல்வதில்லை. ஊச்சார்தோனே சிறைக்குள் கிடக்கிற பாவப்பட்ட பையன்களுக்கு ஏதாவது உதவி செய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள். (இந்த வசனத்தை வாசிக்கும் எங்கள் ஆட்களில் சிலருக்கு எங்கேயோ கேட்ட குரல் நினைவுக்கு வரலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.) கிராசி மறுத்தார். உதவி கேட்ட குரல் மிரட்டத் தொடங்கியது.

1991 ஜனவரி 10 அன்று 'ஜோர்னாலே தி சிசிலியா' பத்திரிகையில் அவருடைய கடிதம் வெளிவந்தது. கடிதம் யாருக்கு? பொலிசுக்கு அல்ல, பத்திரிகை ஆசிரியருக்கும் அல்ல. கப்பம் கேட்டவனுக்கு. அன்புள்ள கப்பக்காரரே என்றுதான் விளித்திருந்தார். தொலைபேசிக்கும் வெடிமருந்துக்கும் துப்பாக்கி ரவைக்கும் நீங்கள் வீண்செலவு செய்ய வேண்டாம், நாங்கள் தரப்போவதில்லை, பொலிசிடம் போய்விட்டோம் என்று எழுதினார். இந்தத் தொழிற்சாலையைத் தன் கையால் கட்டியதாகவும் மூடும் எண்ணம் இல்லை என்றும் எழுதினார். கேட்ட தொகையை எழுதினார்: 50 மில்லியன் லீரா. அதைக் கொடுத்தால் மறுபடி வருவீர்கள், மாதாமாதம் கேட்பீர்கள், கடைசியில் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று கணக்கையும் விளக்கினார். மிரட்டியவன் தன்னை நில அளவையாளர் அன்சலோனே என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெயரையும் போட்டார்.

இந்தக் கடிதத்தையும் கோப்பை கழுவிய கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன். இரண்டும் ஒரு மனிதர் தன் கஷ்டத்தை ஊரறியச் சொல்வதுதான். கோப்பைக் கதை முடிந்துபோன கதை. ஏமாற்றிய ஏஜென்சிக்காரன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. சொன்னவருக்கு அவனால் இனி ஒரு கெடுதலும் இல்லை. கிராசி எழுதியபோது மிரட்டியவன் அதே நகரத்தில் காலைக் கோப்பி குடித்துக்கொண்டு அதே பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தான். என்ன முடிவு என்று தெரியாத நடுக்கட்டத்தில் நின்று பேசுவது ஒன்று. வென்ற பிறகு வீட்டு வரவேற்பறையில் இருந்துகொண்டு பேசுவது வேறொன்று. நாங்கள் இரண்டுக்கும் ஒரே பொன்னாடையைப் போர்த்துகிறோம்.

இன்னொன்று, கோப்பைக் கதையின் முகம் சபையைப் பார்த்து இருக்கிறது. என்னை நேசியுங்கள் என்கிறது. கிராசியின் கடிதம் சபையைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிரியின் முகத்தைப் பார்த்துப் பேசியது. நகரம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் அதில் கண்ணீர் இல்லை. 'வலி', 'வேதனை', 'போராட்டம்' மாதிரியான, யாரும் எதையும் ஊற்றி நிரப்பக்கூடிய சொற்களும் இல்லை. தொகை இருக்கிறது, பெயர் இருக்கிறது, மறுப்பு இருக்கிறது. ஒரு தலைவர் உண்மையில் மனம் திறக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இது: அவர் சொல்வதில் தொகை இருக்கிறதா?

அதே வருடம் ஏப்ரல் 11 ஆம் திகதி மிக்கேலே சந்தோரோ நடத்திய 'சமர்க்காந்தா' நிகழ்ச்சியில், நாடே பார்க்கக் கிராசி பேசினார். தான் பைத்தியக்காரன் இல்லை என்றும், கொடுப்பது ஒரு தொழில்முனைவோனாகத் தன் மானத்தைக் கைவிடுவது என்றும் சொன்னார். மானம் என்று நான் மொழிபெயர்த்த சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களுடைய மானம் மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்பதில் இருக்கிறது. கடன் பட்டால் மானம் போவதில்லை, கடன் பட்டது தெரிந்தால் போகிறது. மனுசன் அடித்தால் போவதில்லை, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டால் போகிறது. கிராசி மானத்தைத் தனக்கு என்ன தெரியும் என்பதில் வைத்தார். கப்பம் கேட்கப்பட்டது வெளியே தெரிவதில் அவருக்கு வெட்கமே இல்லை. கொடுத்துவிட்டு வெளியே தெரியாமல் இருப்பதுதான் வெட்கம்.

நகரம் என்ன செய்தது? சக தொழிலதிபர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தேவையில்லாமல் சத்தம் போடுகிறார், நகரத்தின் பெயரைக் கெடுக்கிறார், அழுக்குத் துணியை நடுத்தெருவில் காயப்போடுகிறார் என்ற பேச்சுத்தான். அந்த ஏப்ரல் மாதத்திலேயே கத்தானியா நீதிபதி ஒருவர், பெரிய முதலாளிகள் மாஃபியாவுக்குப் பணம் கொடுத்தது குற்றமாகாது, நிலைமையின் நிர்ப்பந்தம் என்று தீர்ப்பெழுதினார். அந்தத் தீர்ப்பைக் கிராசி வெளிப்படையாகவே கண்டித்தார். கொடுப்பவன் நியாயவான் என்று சட்டமே சொல்லிவிட்டால் மறுப்பவன் என்ன, முட்டாளா?

1991 ஓகஸ்ட் 29, காலை ஏழரை மணியளவில், வீட்டிலிருந்து வேலைக்குப் போக வெளியே வந்தவரை வியா அல்ஃபியேரி தெருவில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். மெய்க்காவல் இல்லை. தனக்குத் தனிக் காவல் வேண்டாம், தொழிற்சாலையைப் பாருங்கள் என்று கேட்டிருந்தவர் அவர். சுட்டவன் மதோனியா மாஃபியாக் குடும்பத்தைச் சேர்ந்த சல்வத்தோரே மதோனியா என்று பின்னர் நீதிமன்றம் தீர்த்தது.

அந்த இடத்தில் பளிங்குக் கல்வெட்டு இல்லை. குடும்பம் வேண்டாம் என்றுவிட்டது. ஒவ்வொரு ஓகஸ்ட் 29 அன்றும் காலையில் அவர்கள் வந்து கையால் எழுதிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். நடைபாதையில் சிவப்பு வர்ணம் தெளிக்கிறார்கள். அந்தத் தாளில் கொன்றவர்களின் பட்டியல் இருக்கிறது. மாஃபியா முதலாவது. தொழிலதிபர் சங்கத்தின் மௌனம், கட்சிகளின் அலட்சியம், அரசு இல்லாமற்போனது எல்லாம் அதற்குப் பிறகு வரிசையாக வருகின்றன. மழைக்குத் தாள் கரைந்துபோகும். அடுத்த வருடம் மறுபடி எழுதுவார்கள். எங்களுடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் அகால மரணம் என்று போடுகிறோமே, யாரால் அகாலம் ஆனது என்று போட எங்களுக்கு ஒருநாளும் கை வந்ததில்லை.

கிராசியைச் சொல்லிவிட்டு இந்த நகரத்தைக் கோயிலாக்கவும் கூடாது. வெளிப்படைப் பேச்சு ஒரு முதலீடாக மாறுவதையும் முதலில் பார்த்தது சிசிலிதான். 1987 ஆம் ஆண்டு, தற்செயலாக அதே ஜனவரி 10 அன்று, எழுத்தாளர் லியொனார்டோ ஷாஷா 'கொரியேரே தெல்லா சேரா' பத்திரிகையில் எழுதிய கட்டுரை மாஃபியா எதிர்ப்பையே பிழைப்பாக்கிக்கொள்பவர்கள் வரப்போகிறார்கள் என்று எச்சரித்தது. அதில் அவர் குறிவைத்த ஆட்களில் பவுலோ பொர்செல்லீனோவும் ஒருவர். ஐந்து வருடம் கழித்து மாஃபியாவின் குண்டுக்குப் பலியானவரை அந்த வரிசையில் வைத்தது அநியாயம். ஆனால் எச்சரிக்கை பிழையாகவில்லை. 2007 இல் சிசிலித் தொழிலதிபர் சங்கம், கப்பம் கொடுப்பவர்களை வெளியேற்றுவோம் என்று அறிவித்தது. கிராசியைத் தனியே விட்ட அமைப்பு 16 வருடம் கழித்து எடுத்த முடிவு அது. அதன் அடுத்த கட்டத்தில் மாஃபியா எதிர்ப்பின் நாயகனாக மேடை மேடையாக ஏறியவர் அந்தோனெல்லோ மொந்தாந்தே. சங்கத்தின் தலைவராகவும் ஆனார். 2018 மே மாதம் கைதானார். பொலிஸ், உளவுத்துறை ஆட்களை வைத்துக்கொண்டு எதிராளிகளை வேவு பார்த்த வலைப்பின்னலை நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. 2019 இல் முதல் நீதிமன்றம் 14 வருடம் விதித்தது. மேன்முறையீட்டில் 8 ஆகக் குறைந்தது. வழக்கு அதற்கு மேலும் போனது.

இருவரும் பேசியது ஒரே விடயத்தை. மொந்தாந்தே பேசப் பேச அவரிடம் பதவிகள் சேர்ந்தன. கிராசி பேசப் பேச அவரைச் சுற்றி ஆட்கள் குறைந்தார்கள். குரலின் நடுக்கத்தை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஏலாது. பேசியதற்குப் பிறகு அந்த மனிதரிடம் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று பார்த்தால் போதும்.

இனி எங்களுக்கு வருகிறேன்.

கிராசி கடிதம் எழுதிய வருடம் எங்கள் ஆட்கள் இந்த நகரத்தில் ஏற்கனவே இருந்தார்கள். பலெர்மோக்காரரின் வீடுகளில் சமைத்தார்கள், துடைத்தார்கள், கிழவர்களைக் குளிப்பாட்டினார்கள். பலாரோச் சந்தையைச் சுற்றிய பழைய வீடுகளில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவிடம் போனார்கள். வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாகவே. இன்றைக்கும் போகிறோம். அந்தக் குகைக்குள் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொல்கிறோம். சம்பளம் தராத வீட்டுக்காரி, முதுகுவலி, மகனின் கூட்டாளிகள், ஊரில் வட்டிக்கு வாங்கிய காசு, எல்லாம். மலை இறங்கிப் பேருந்தில் ஏறி இருந்ததும், "எப்பிடி அக்கா சுகம்?" என்றால், "ஒரு குறையும் இல்லை." புனிதவதி ஒருத்திக்குத்தான் எங்கள் உண்மை தெரியும், அவளும் பளிங்கில் படுத்திருக்கிறாள்.

எங்களிடமும் பிட்சோ இருந்தது. 2006 மார்ச்சில் மனித உரிமைக் கண்காணிப்பகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் இறுதி யுத்தத்துக்கென்று தமிழ் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கோயில்களுக்கும் போய்ப் புலிகளுக்காகக் காசு கேட்டதை, மறுத்தவர்கள் மிரட்டப்பட்டதை, ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லப்பட்டதை அது பதிவுசெய்தது. மனமுவந்து கொடுத்தவர்கள் ஏராளம் இருந்தார்கள். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவர்களின் நம்பிக்கையை ஏளனம் செய்ய எனக்கு உரிமை கிடையாது. மனமில்லாமல் கொடுத்தவர்களைப் பற்றி மட்டும் கேட்கிறேன். அந்த அறிக்கையில் பேசியவர்களில் பெரும்பாலோர் பெயர் சொல்லப் பயந்தார்கள். அவர்கள் பயந்தது நியாயம். ஆனால் அந்த நாடுகளில் அன்றைக்குத் தமிழ்ச் சட்டத்தரணிகள் இருந்தார்கள், பெரிய வணிகர்கள் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள், சங்கத் தலைவர்கள் இருந்தார்கள். தன் பெயரைப் போட்டு, தொகையைப் போட்டு, "அன்புள்ள தம்பிமாரே, நான் தரமாட்டேன்" என்று எங்கள் பத்திரிகை ஒன்றில் எழுதிய பிரமுகர் எத்தனை பேர்? யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகிறது. இப்போது மேடையில் கண்ணீர் விடுகிறவர்களில் எவரேனும் அந்த அத்தியாயத்தைத் தொடுகிறாரா? ஏஜென்சிக்காரன் ஏமாற்றிய கதை வரும். அந்தக் கதை வராது.

எங்களிடம் ஆளே இருந்ததில்லை என்றும் சொல்லேலாது. ராஜினி திராணகம இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். ஒருகாலத்தில் புலிகளோடு நின்றவர், அதை ஒளிக்கவில்லை. விலகி வந்தவர்; அதையும் ஒளிக்கவில்லை. இந்திய இராணுவம் செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே மேசையில் வைத்துத் தோழர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை'யை எழுதினார். வெளியே பாதுகாப்பாக வாழ வாய்ப்பிருந்தும் திரும்பிப்போய், எழுதப்பட்டவர்கள் துப்பாக்கியோடு நடமாடிய அதே ஊரில் இருந்துகொண்டு எழுதினார். 1989 செப்ரெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். வயது 35. கொன்றவர்கள் புலிகள்தான் என்று அவரோடு பணியாற்றியவர்களும் குடும்பத்தினரும் சொல்லிவருகிறார்கள். கிராசி சாவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு. அவருடைய தெருவிலும் ஒவ்வொரு வருடமும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கொன்றவர்களின் பட்டியலில் எங்கள் மௌனத்துக்கு எத்தனையாவது இடம் என்று அப்போது எங்களுக்கே தெரிந்திருக்கும்.

இவ்வளவு பெரிய உதாரணங்கள் எதற்கு, துப்பாக்கிக் காலம் போய்விட்டதே என்று யாரும் நினைக்கலாம். சரி, சின்ன விடயத்தை எடுப்போம். சீட்டு. ஐரோப்பாவில் தமிழர் வாழும் எந்த நகரத்திலும் சீட்டு முறிந்த கதை ஒன்றாவது இருக்கும். மாதம் ஐந்நூறு யூரோப்படி இருபது பேர் கட்டுவார்கள். தாய்ச்சீட்டுப் பிடிப்பவர் கோயிலில் முன்வரிசையில் நிற்பவராக இருப்பார், அதனால்தானே நம்பினார்கள். எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ அவர் பிரான்சுக்கோ லண்டனுக்கோ போய்விடுவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு கிழவியை இரவும் பகலும் பார்த்துச் சேர்த்த இரண்டு வருடக் காசை அப்படி இழந்தார். பொலிசுக்குப் போகவில்லை. தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. "சொன்னா என்னைத்தானே பேய்ச்சி எண்டு சொல்லுவினம்" என்றார். அதே சீட்டில் சங்கப் பிரமுகர் ஒருவரும் காசு விட்டிருந்தார். அவரும் மூச்சுக் காட்டவில்லை. அவர் மட்டும் ஒரு கூட்டத்தில் எழும்பி, "நான் நாலாயிரம் யூரோ விட்டனான், என்னைப்போல விட்டவை கையைத் தூக்குங்கோ" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன்னைப் பேய்ச்சி என்று நினைத்துக்கொண்டு மலையேறியிருக்கத் தேவையில்லை. அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த விழாவில் கோப்பை கழுவிய கதையைச் சொன்னார். நல்லாகவே சொன்னார்.

இதற்கு மறுமொழியாக எனக்குச் சொல்லப்படுவது எப்போதும் ஒன்றுதான்: கிராசி செத்தார், ராஜினி செத்தார், வாய் திறந்தால் சாவு என்பதைத்தானே நீயும் காட்டுகிறாய்? நியாயமான கேள்வி. விசா இல்லாமல் உணவகத்தின் பின்னறையில் வேலை செய்யும் பையனிடம் போய் நீ கிராசியாக இரு என்று சொல்பவன் அயோக்கியன். ஆனால் கிராசியைக் கொல்லலாம் என்று அவர்கள் ஏன் துணிந்தார்கள்? அவர் தனியாக நின்றார். அவர் வாய் திறந்ததில் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி கேட்டவர்களுடையது, அதை அவர்கள் செய்யவில்லை. இதைப் பலெர்மோ பின்னர் புரிந்துகொண்டதற்குச் சாட்சி இருக்கிறது. அவர் இறந்த வருடம் முடிவதற்குள் கப்பத்தை மறுத்துப் பாதிக்கப்படுவோருக்கு நட்டஈட்டு நிதி அமைக்கும் சட்ட ஆணை வந்தது. மனைவி பீனா மைசானோ 1992 இல் செனட் சபைக்குப் போனார். 2004 ஜூன் மாத இறுதியில் ஒரு நாள் விடியும்போது நகரத்துச் சுவர்களெங்கும் மரண அறிவித்தல்போலக் கறுப்புக்கரை போட்ட சின்னச் சின்னத் தாள்கள். கப்பம் கொடுக்கிற மக்கள் மானமில்லாத மக்கள் என்பது அதன் செய்தி. ஒட்டியவர்கள் கடை திறக்க யோசித்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள். 'அதியோபிட்சோ' இயக்கம் அப்படித்தான் பிறந்தது. பீனா அவர்களைப் பேரப்பிள்ளைகள்போல ஏற்றுக்கொண்டார். 2006 இல் கப்பம் கொடுக்க மறுக்கும் கடைக்காரர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டார்கள். முதற் பட்டியலிலேயே நூறு பேர். ஒருவரைச் சுடலாம். நூறு பேரின் பட்டியலைச் சுடுவது கஷ்டம்.

இந்தப் பாடத்தை எங்களுக்கு முன் படித்தவர்கள் வங்காளிகள். 2016 ஏப்ரலில் பலாரோப் பக்கம் காம்பியா நாட்டு இளைஞர் ஒருவரைத் தலையில் சுட்டார்கள். அதிர்ஷ்டவசமாக உயிர் பிழைத்தார். வியா மக்வேதா தெருவில் கடை வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் வங்காளதேசத்தவர், வருடக்கணக்காக அந்தக் கும்பலிடம் அடியும் மிரட்டலும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அதியோபிட்சோ இளைஞர்களின் துணையோடு அவர்கள் சேர்ந்து பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அடுத்த மாதம் 10 பேர் கைதானார்கள். பத்திரம், மொழி, பயம் என்று எங்களுக்கு இருக்கும் தடைகளெல்லாம் அவர்களுக்கும் இருந்தன. அவர்களில் யாரோ ஒருவர் முதலில் பக்கத்துக் கடைக்காரரிடம் போய், "என்னிடம் இவ்வளவு வாங்கினார்கள், உன்னிடம் எவ்வளவு?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் அகராதியில் தலைவர் என்றால் அவர்தான். அவர் மேடையேறினால் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவது நானாக இருக்கும்.

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. உங்கள் தலைமுறை மனச்சோர்வைப் பற்றி, பதற்றத்தைப் பற்றி, அப்பாவின் குடியைப் பற்றி எங்களைவிடத் தாராளமாகப் பேசுகிறது. அதைக் கண்டு எனக்குச் சந்தோசம்தான். எங்கள் வீடுகளில் செத்துப்போனவர்கள் சிலர் அந்தப் பேச்சு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால் நீங்களும் ஏமாறக்கூடும். தன் இருண்ட நாட்களைப் பற்றி நேரலையில் பேசுகிற ஒரு தமிழ் அரசியல்வாதியையோ தொழிலதிபரையோ பார்த்து உருகும்போது, அவருடைய வேலைத்தலத்தில் ஒரு பெண் அதே இருண்ட நாட்களுக்கு விடுப்புக் கேட்டால் கிடைக்குமா என்றும் ஒருக்கால் விசாரியுங்கள். அவர் வாய் திறந்தபின் அவருக்குக் கீழே இருப்பவர்களில் எத்தனை பேரின் வாய் திறந்தது என்று எண்ணுங்கள். ஒன்றும் திறக்கவில்லை என்றால் நீங்கள் பார்த்தது கச்சேரி.

2013 இல் பலெர்மோ நகரசபை, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களே வாக்களித்துத் தெரிவுசெய்யும் 21 பேர் கொண்ட பண்பாடுகளின் மன்றம் ஒன்றை அமைத்தது. தலைமை என்பது எங்களுக்கு இனிக் கோயில் திருவிழாக் குழுவோடு முடிகிற விடயம் அல்ல. அங்கே போய் இருப்பவர்கள் எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்குக் கட்டப்படாத சமூகக் காப்புறுதிப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். தனக்கும் அது கட்டப்படவில்லை, இத்தனை வருடம், இந்தத் தொகை என்று தன்னிலிருந்து தொடங்கினால் மற்றவர்களும் தொடர்வார்கள். "எங்கள் சமூகம் உழைப்பால் உயர்ந்தது" என்று தொடங்கினால் இத்தாலியர்கள் கைதட்டுவார்கள். சங்கத்துப் படப்புத்தகத்துக்கு ஒரு படம் கிடைக்கும்.

எங்கள் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் கடைசியாக 'ஏனைய விடயங்கள்' என்று ஒன்று இருக்கிறது. சீட்டில் காசு விட்ட பிரமுகர் எழும்பலாம், சம்பளம் கிடைக்காத அக்கா எழும்பலாம், கட்டாயத்தின் பேரில் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டை இன்னும் வைத்திருப்பவர் எழும்பலாம். யாப்பில் தடை ஒன்றும் இல்லை. நான் வாசித்துப் பார்த்தேன். வழமையாக அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து வடையும் தேத்தண்ணியும் வரும், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.